அறுபத்துநாலு எண் தூரம்

தாமிரபரணி மண்டல இதயப் பேணகம் என்ற மருத்துவமனையில் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அறுபத்துநாலு பிராசஸர்கள் நூற்றிருபத்தெட்டாகப் பெருகின. பெருக்கியவர் பேணகத்தின் முதல்வர் டாக்டர் குணாளன். அதற்கு அவர் பயன்படுத்திய கருவி ஒரு கத்தரிக்கோல்.

சர்வர் அறைக்குள் பதினெட்டு டிகிரி குளிர். பட்டு வேட்டியில் வந்திருந்த பிரமுகர்கள் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றார்கள். புகை கண்டால் அலறும் கருவி கூரையில் இருந்ததால், குத்துவிளக்கில் திரிக்குப் பதில் பேட்டரி பல்புகள் பொருத்தப்பட்டிருந்தன. முதல்வர் அவற்றுக்கும் பற்றவைக்காத தீக்குச்சியைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார். ரிப்பன் வெட்டுப்பட்டது. பெரிய திரையில் 64 என்றிருந்த எண் 128 ஆனது.

"ஒரு நோயாளிக்கு ஒரு பிராசஸர்! ஒரு உயிருக்கு ஒரு மூளை! இனி இந்தப் பேணகத்தில் காத்திருப்போர் பட்டியல் என்ற சொல்லே கிடையாது!" என்றார் முதல்வர். உண்மையில் திரையில் எண் மாறியதற்குக் காரணம், கூட்டத்துக்குப் பின்னால் விசைப்பலகையோடு தரையில் உட்கார்ந்திருந்த பிரிசில்லா. பதவி: இளநிலை கணினி இயக்குநர், தற்காலிகம். பதினோரு வருடமாகத் தற்காலிகம். அவள் படத்தில் விழவில்லை.

அந்த வருடம் இதயக் காய்ச்சல் ஊரை உலுக்கிக்கொண்டிருந்தது. இதயத்தின் தசையையே தின்கிற கிருமி. பிழைக்க ஒரே வழி, நெஞ்சுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு பம்பு. பம்புக்கு அடிக்கத் தெரியும். எப்போது, எவ்வளவு என்று தெரியாது. அதைச் சொல்வது நிழல். அரசாணைப்படி அதன் பெயர் 'எண்மிய உயிர்ப் பிரதிபிம்ப அலகு'. அந்தப் பெயரை மூச்சு விடாமல் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி போய்விடுவார் என்பதால் வார்டில் எல்லோருக்கும் அது நிழல்தான். நோயாளியின் உடம்பு மொத்தமும், ரத்தமும் நரம்பும் மூச்சும் சர்வருக்குள் ஒரு நகலாக வாழும். ஆனால் மூன்று விநாடி முன்னால் வாழும். மூன்று விநாடி கழித்து வரப்போகிற தடுமாற்றத்தை நிழல் இப்போதே தடுமாறிப் பார்த்துவிடும். பம்பு அதற்குள் தயாராகிவிடும்.

ஒரு நிழலுக்கு ஒரு பிராசஸர் வேண்டும். இருந்தது அறுபத்துநாலு. நோயாளிகள் நூற்றுப்பத்து.

விழா முடிந்து, கேசரித் தட்டுகள் அள்ளப்பட்டதும், தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் ஆவுடையப்பன் சர்வர் அறைக்கு வந்தார். ரிப்பன் துண்டு ஒன்று அவர் செருப்பில் ஒட்டியிருந்தது.

"ஏம்மா, புதுசா பெட்டி ஒண்ணும் வரலையே. அறுபத்துநாலு எப்படி நூத்தி இருபத்தெட்டு ஆச்சு?"

"ஆகல சார். பெட்டி அதேதான். ஆபரேட்டிங் சிஸ்டம்தான் புதுசு."

"வெளங்கும்படியா சொல்லு."

பிரிசில்லா யோசித்தாள். "பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போயிருக்கியளா சார்? ஒரு எழுத்தர், ஒரே நாற்காலி. அவருக்கு முன்னால ரெண்டு கவுண்ட்டர். ஒண்ணாம் கவுண்ட்டர் ஆளு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாரேன்னு போயிருவாரு. அந்த நேரம் எழுத்தர் சும்மா இருக்காம ரெண்டாம் கவுண்ட்டர் ஆளைக் கவனிப்பாரு. ஹால்ல உட்காந்திருக்கவங்களுக்கு ரெண்டு கவுண்ட்டர், ரெண்டு நம்பர். உள்ள தலை ஒண்ணு."

"அப்ப இதுவும் அப்படியா?"

"அதேதான். நிழலும் பாதி நேரம் காத்துக்கிட்டுத்தான் கெடக்கும். தகவல் வரணும்லா. அந்த இடைவெளியில இன்னொரு நிழல் ஓடும். இந்த வசதி பிராசஸர்ல ஆதியில இருந்தே இருக்கு. பழைய சிஸ்டத்துக்குத்தான் ரெண்டு கவுண்ட்டரும் ஒரே ஆளுன்னு தெரியாது. ரெண்டுலயும் அவசரக் கேசைக் கொண்டு தள்ளி அந்த ஆளைத் திணறடிச்சிரும். அதனால ரெண்டாம் கவுண்ட்டரைப் பூட்டியே வச்சிருந்தோம். புது சிஸ்டத்துக்கு விவரம் தெரியும். யார் காத்திருக்கிற நேரத்துல யாருக்கு வேலை இருக்குன்னு பாத்துப் பாத்து ஜோடி சேர்க்கும்."

"முதல்வருக்கு இது தெரியுமா?"

"சொன்னேன் சார். 'திரையில நூத்தி இருபத்தெட்டு தெரியுதா இல்லையா?'ன்னு கேட்டாரு. தெரியுதுன்னேன். 'அப்ப பேசாம இரு'ன்னாரு."

*

ஐந்தாம் மாடி சிறப்பு அறையில் இருந்தவர் கல்வித் தந்தை, அறநெறிக் காவலர், சிங்கக் குரலோன் டாக்டர் தெய்வசிகாமணி. டாக்டர் பட்டம் அவருடைய கல்லூரியே அவருக்குக் கொடுத்தது. வாங்கும்போது மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டார். ஊர் முழுக்க அவருக்கு ஒரே பெயர்தான், அண்ணாச்சி. தரைத்தளப் பொது வார்டில், நாற்பதாம் கட்டிலில் அம்சவேணி. ஆற்றோர எரிவாயு மயானத்தில் உலை இயக்குபவள். நாற்பத்தாறு வயது.

ரிப்பன் வெட்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை டாக்டர் ஆவுடையப்பன் இரண்டு குடும்பத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ரிப்பன். அன்று மாலையே புது சிஸ்டம் தன் போக்கில் இருவருடைய நிழலையும் ஒரே பிராசஸரில் உட்கார வைத்தது. புதன்கிழமை காலை இருவரும் கண் திறந்தார்கள். ஒரே நிமிடத்தில்.

டாக்டர் மாடிப்படி இறங்கி சர்வர் அறைக்கு ஓடிவந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

பிரிசில்லா திரையில் இரண்டு கோடுகளை விரித்துக் காட்டினாள். மேலே அண்ணாச்சியின் நிழல். கீழே அம்சவேணியின் நிழல். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே மனிதனுக்கு அரை விநாடிக்குச் சற்று மேலே. பிராசஸருக்கோ அது ஒரு யுகம். நூற்றைம்பது கோடி தடவை அது மணியடித்துக்கொள்ளலாம். அவள் அந்த அரை விநாடியைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மேல்கோடு எங்கெல்லாம் தகவலுக்காக நின்றதோ, சரியாக அந்த இடத்தில் கீழ்க்கோடு எழுந்தது. கீழ்க்கோடு களைத்துத் தாழ்ந்த இடத்தில் மேல்கோடு எடுத்துக்கொண்டது. ஒரு மயிரிழைகூட மோதல் இல்லை. கோடிக்கணக்கான விட்டுக்கொடுத்தல்கள், ஒவ்வொரு விநாடியும், யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

விசிறிகளின் இரைச்சல், மழை தூரத்தில் பெய்வதுபோல.

"மத்த ஜோடிகளும் இப்படியா?"

"இல்ல சார். மத்தவங்க அட்ஜஸ்ட் பண்ணி உட்காந்திருக்காங்க, பஸ் சீட்டுல உட்காருத மாதிரி. இவங்க ரெண்டு பேரும் மட்டும்…" அவளுக்கு ஒப்புமை கிடைக்கவில்லை. "எழுத்தரோட மேசைன்னு ஒண்ணு இருக்கு சார். ஒருத்தருக்காக எடுத்த கோப்பு அதுலயே கெடக்கும். அடுத்தவருக்கும் அதே கோப்பு வேணும்னா பீரோவுக்கு எந்திரிச்சுப் போக வேண்டாம். இவரோட நிழல் கிருமியை ஒரு பக்கமா தடுத்துப் பழகியிருக்கு. அவங்க நிழல் இன்னொரு பக்கமா. பழகினது எல்லாம் மேசையில கெடக்கு. ரெண்டு பேரும் எடுத்துக்கிடுதாங்க."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இருபத்தெட்டு வருடம் இதயம் பார்த்தவர். "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்லையேம்மா" என்றார்.

எவ்வளவு இறுக்கமான ஜோடி என்பது வியாழக்கிழமை தெரிந்தது. விசிறி துடைப்பதற்காக அண்ணாச்சியின் நிழலை நாலே நாலு நிமிடம் வேறு பிராசஸருக்கு மாற்றினாள் பிரிசில்லா. இரண்டாவது நிமிடம் ஐந்தாம் மாடியில் மணி அலறியது. அதே நொடி தரைத்தளத்திலும். அண்ணாச்சியின் உதடு நீலமானது. அம்சவேணியின் விரல்கள் குளிர்ந்தன. நிழலைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்ததும் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தேடித் தேடி, தட்டுத் தடவி, மறுபடி கோத்துக்கொண்டன.

டாக்டர் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "இனி பிரிச்சா ரெண்டு பேரும் போயிருவாங்க. சொந்த இதயம் தேறுறதுக்கு ஒரு வருஷமாவது ஆவும். அதுவரைக்கும் கை வைக்காத."

புது சிஸ்டத்தில் இன்னொரு வசதியும் இருந்தது. எந்த நிழல் எந்த நிழலோடு உட்காரலாம், எது கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை குத்தலாம். கடல் கடந்த யாரோ சில பொறியாளர்கள், பக்கத்துக் கவுண்ட்டர்க்காரன் ரகசியத்தை எட்டிப் பார்த்துவிடுவானோ என்று பயந்து செய்த ஏற்பாடு. பிரிசில்லா அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினாள். இரண்டு நிழலுக்கும் ஒரே முத்திரை குத்தினாள். இவர்கள் இருவரும் இவர்களோடு மட்டும். யாரும் நடுவில் வரக் கூடாது.

*

அம்சவேணிக்குப் பேச்சு வந்த நாள், பிரிசில்லா பம்பின் அலைவரிசையைச் சரிபார்க்க வார்டுக்குப் போனாள்.

"ஏ கம்ப்யூட்டரம்மா, ஒன்னைத்தான். என் நெஞ்சுல வேற யாரோட பம்பையும் மாத்தி வச்சிட்டியளா?"

"ஏன்க்கா?"

"இன்னைக்குப் பதினோரு மணிக்குப் படபடன்னு வந்துட்டு. பயம். சின்னப் பிள்ளை பரீட்சைக்குப் போற மாதிரி, உள்ளங்கையெல்லாம் வேர்த்து. நான் பயந்த ஆளா? எரியுற உலைக்கு முன்னால பதினெட்டு வருஷம் நிக்கேன். எனக்குப் பொணத்தைக் கண்டும் பயமில்ல, மனுசனைக் கண்டும் பயமில்ல. இது என் பயம் இல்லட்டி."

பதினோரு மணிக்கு ஐந்தாம் மாடியில் என்ன நடந்தது என்று பிரிசில்லாவுக்குத் தெரியும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அண்ணாச்சி படுக்கையிலிருந்தே காணொளியில் இரண்டு நிமிடம் உரையாற்றினார். சிங்கக் குரலோன். நாற்பது வருட மேடை. ஒவ்வொரு மேடையிலும் அந்தச் சிங்கத்துக்குள் ஒரு முயல் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மனைவிக்குத் தெரியாது, மகனுக்குத் தெரியாது. மயானத்தில் உலை பார்ப்பவளுக்கு இப்போது தெரியும்.

"பொறவு எப்படிச் சரியாச்சு?"

"நெஞ்சைத் தடவிக் குடுத்தேன். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னேன். அடங்கிட்டு."

அதே மாலை ஐந்தாம் மாடியில் முதல்வர் குணாளன், டாக்டர் ஆவுடையப்பன், மகன் நவநீதன் எல்லோரும் சுற்றி நிற்க, அண்ணாச்சி மெல்லிய குரலில் சொன்னார்: "டாக்டர், யாரோ என் பக்கத்துல உட்காந்திருக்க மாதிரியே இருக்கு. பேசாம உட்காந்திருக்காங்க. நல்லா இருக்கு. ரொம்ப வருஷத்துக்குப் பொறவு மாத்திரை இல்லாம தூங்குதேன்."

டாக்டர் வாயை மூடிக்கொண்டிருந்தார். முதல்வரால் அது முடியாது. அற்புதம் எதுவானாலும் அதை அறிவிக்கும் உரிமை தன்னுடையது என்று நினைப்பவர். "அண்ணாச்சி, அது உங்க ஜோடி நிழல்! ஒரே பிராசஸர்ல உங்களோட இன்னொரு நோயாளி! உலகத்துலயே முதல் முறை!"

நவநீதன் சிரித்த முகத்தோடு கேட்டான், "யாரு சார் அது?"

"தரைத்தளத்துல ஒரு அம்மா."

"எந்த ஊரு?"

"இங்கதான், டவுன்."

"டவுன்ல எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி வந்துவிட்டால் அதற்கு மேல் மறைக்க எதுவும் இருக்காது. தெருவின் பெயர் வந்தது. தெருவைத் தொடர்ந்து தொழில் வந்தது. நவநீதனின் சிரிப்பு இருந்த இடத்திலேயே காய்ந்தது.

பத்து நிமிடத்தில் முதல்வரின் அறைக் கதவு உள்பக்கம் சாத்தப்பட்டது. பிரிசில்லாவும் அழைக்கப்பட்டாள்.

"நாங்க அந்த மாதிரி வித்தியாசம் எல்லாம் பாக்குறவங்க இல்ல சார். எங்க காலேஜ்ல எல்லாரும் படிக்காங்க. ஆனா சுத்தம்னு ஒண்ணு இருக்குல்லா. அப்பா தினம் பூசை பண்ணுறவரு. அந்தம்மா தொழில் என்ன? நாளைக்கு வெளிய தெரிஞ்சா? தனி பிராசஸர் குடுங்க. இல்ல, யாரையாவது சேர்த்துத்தான் வைக்கணும்னா நம்ம ஆளுங்க நாலு பேர் இதே ஆஸ்பத்திரியில கெடக்காங்க."

"தம்பி, பிரிச்சா அப்பா உசுருக்கே ஆபத்து" என்றார் ஆவுடையப்பன். "வியாழக்கிழமை பாத்தோம். வேற யாரோடயும் இது ஒத்துப்போகாது."

"அது எப்படி டாக்டர்? சொந்தக்காரங்களோட ஒத்துப்போகாத நெஞ்சு, அதோட மட்டும் ஒத்துப்போயிருமாக்கும்?"

முதல்வர் கைகளை விரித்தார். "டாக்டர் கொஞ்சம் மிகைப்படுத்துறார். நான் திறந்துவச்சது நூத்தி இருபத்தெட்டு. நூத்திப்பத்து நோயாளி. பின்ன எதுக்கு ரெண்டு பேர் ஒண்ணுல? பிரிசில்லா, நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குள்ள பிரிச்சிரணும். தம்பி ஆள் கூட்டிட்டு வந்து பாத்துக்கிடுவார்."

"எங்க காலேஜ் கம்ப்யூட்டர் துறைத் தலைவர்" என்றான் நவநீதன். "பேராசிரியர் மாசிலாமணி. அவர் கண்ணுல ஒண்ணும் தப்பாது."

வெளியே வந்ததும் பிரிசில்லா டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிரிச்சா அந்தம்மாதான் முதல்ல போவும். அண்ணாச்சி ஒரு மணி நேரம் கூடுதலா இருப்பாரு" என்றார். "நாளைக்கு மத்தியானம்."

*

மறுநாள் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சர்வர் அறைக்குள் நாலு பேர் வந்தார்கள்: முதல்வர், நவநீதன், நவநீதனின் மாமா ஒருவர், பேராசிரியர் மாசிலாமணி. மாமாவுக்கு இதில் என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. இதுபோன்ற இடங்களுக்கு ஒரு மாமா வந்தே தீருவார். பேராசிரியர் ஒல்லியானவர், அறுபதை நெருங்குகிறவர். முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

பிரிசில்லா எதையும் பிரிக்கவில்லை. காலையிலிருந்து கை வைக்கவேயில்லை. திரையில் பட்டியலை மட்டும் திறந்து வைத்திருந்தாள்.

"அண்ணாச்சியோட நிழல் இங்க சார். பிராசஸர் எண் இருபத்தொண்ணு. அந்தம்மாவோட நிழல்…" அவள் பட்டியலைக் கீழே தள்ளினாள். தள்ளினாள். மூன்று பக்கம் ஓடியது. "எண் எண்பத்தஞ்சு."

நவநீதன் விரல் விட்டு எண்ணாத குறை. "நடுவுல எத்தனை?"

"அறுபத்துமூணு சார்."

"நடுவுல அறுபத்துமூணு பேரு!" என்றார் முதல்வர். "நான்தான் சொன்னேனே."

மாமாவுக்குத் திருப்தி இல்லை. வந்ததற்கு ஏதாவது சொல்ல வேண்டும். "கடைசி நம்பர் என்ன?"

"பூஜ்யத்துல ஆரம்பிக்குது சார். கடைசி நூத்தி இருபத்தேழு."

"அது காலியா?"

"…காலி."

"அப்ப அதுல கொண்டு போடுங்க. இருக்கதுலயே தள்ளி எதுவோ அதுல. என்ன மாப்ள?"

நவநீதன் தலையாட்டினான். முதல்வரும் ஆட்டினார். "செஞ்சிரும்மா. இப்பவே, இவங்க கண்ணு முன்னால."

பிரிசில்லாவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன. ஒரு வரி ஆணை. அடித்தால் இரண்டாவது நிமிடம் தரைத்தளத்தில் மணி அலறும். அடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் இருபத்தொன்றும் எண்பத்தைந்தும் உண்மையில் என்ன என்று வெளியே வரும். திரையின் மூலையில் இரண்டு கோடுகள், ஒன்றின் மூச்சில் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு நிமிஷம்" என்றார் பேராசிரியர் மாசிலாமணி.

அதுவரை அவர் பேசவேயில்லை. திரைக்கு அருகே குனிந்து 21-ஐப் பார்த்தார், 85-ஐப் பார்த்தார். பிரிசில்லாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வகுப்பறைக் குரலில் ஆரம்பித்தார்.

"நம்பர் வரிசையா இருக்கதுனால பிராசஸரும் வரிசையா இருக்கும்னு நெனைக்கக் கூடாது தம்பி. உள்ள எல்லாம் வட்டமா கோத்திருக்கும். பந்தியில வட்டமா உட்காந்த மாதிரி. பூஜ்யத்துக்கு அடுத்த இலை ஒண்ணு. இந்தப் பக்கம் அடுத்த இலை நூத்தி இருபத்தேழு. அந்தம்மாவை அங்க கொண்டு போனா சுத்தி வந்து அண்ணாச்சிக்கு இருபத்திரண்டாவது இலையில உட்காந்திரும். கிட்டக்க வந்துரும்."

மாமா பதறினார். "ஐயையோ, வேண்டாம்!"

"வட்டத்துல ஒருத்தருக்கு ரொம்பத் தள்ளி இருக்கிற இடம்னா அது நேர் எதிர் இடம். நூத்தி இருபத்தெட்டுல பாதி அறுபத்துநாலு. இருபத்தொண்ணும் அறுபத்துநாலும் எண்பத்தஞ்சு." பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டார். "இந்தப் பெட்டிக்குள்ள இதைவிடத் தள்ளி ஒரு இடம் கிடையாது."

நவநீதன் நிம்மதியாக மூச்சு விட்டான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் அப்பாவின் மகன்; எதையும் எழுத்தில் வாங்காமல் விடமாட்டான்.

"சார், இதை ஒரு உத்தரவா போட்டுக் குடுத்துருங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து மாத்திரக் கூடாதுல்லா."

முதல்வர் அங்கேயே சொல்லச் சொல்லப் பிரிசில்லா தட்டச்சு செய்தாள். 'எண் 21, எண் 85 ஆகிய இரு பிராசஸர்களுக்கும் இடையே தற்போதுள்ள தூரத்தை எவரும், எக்காலத்தும், எக்காரணம் கொண்டும் மாற்றலாகாது.' முதல்வர் பச்சை மையில் கையெழுத்திட்டார். மூன்றாம் நாள் அது தங்க நிறச் சட்டத்தில் கண்ணாடி போட்டு வந்து சர்வர் அலமாரியின் கதவில் தொங்கியது.

அவர்களை வழியனுப்பப் போனாள் பிரிசில்லா. லிஃப்டில் இடம் போதவில்லை. பேராசிரியர் அடுத்ததில் வருவதாகச் சொல்லி நின்றுகொண்டார். கதவு மூடியது.

"சார்… அந்த வட்டம்…"

"நான் முப்பது வருஷமா நடத்துற பாடமே ஆபரேட்டிங் சிஸ்டம்தாம்மா" என்றார் அவர். "அறுபத்துநாலு பிராசஸர் உள்ள பெட்டியில இருபத்தொண்ணாம் எண்ணோட இன்னொரு கவுண்ட்டருக்கு சிஸ்டம் என்ன எண் குடுக்கும்னு எனக்குத் தெரியாதா? அறுபத்துநாலைக் கூட்டிக்கிடும். ரெண்டும் ஒரே நாற்காலி."

லிஃப்ட் மேலே வந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி காலேஜ்ல சேர்ந்த அன்னைக்கு என்கிட்டயும் கேட்டாங்க, எந்தத் தெருன்னு" என்றார் பேராசிரியர், கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. "நான் வேற ஒரு தெருப் பேரைச் சொன்னேன்."

கதவு திறந்தது. அவர் உள்ளே போய்த் திரும்பி நின்று, பதவிக்குரிய முகத்தை மாட்டிக்கொண்டு, இறங்கிப் போனார்.

*

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை. பம்பு வைத்தவர்களின் நிழல் வருடம் முழுவதும் ஓட வேண்டும். மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும். பிரிசில்லா மடிக்கணினியோடு ஆற்றோர மயானத்துக்குப் போனாள். அம்சவேணி உலைக்கூடத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இப்போது தள்ளுவண்டியை வேறொருவர் தள்ளுவார். உலைப் பொத்தான் மட்டும் இவள் கையில்.

"எப்படி இருக்கியக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அந்த மனுசன்தான் காலையில இருந்து பாடாப் படுத்துதாரு."

பிரிசில்லா சட்டென்று நிமிர்ந்தாள். அம்சவேணியிடம் ஜோடி நிழலைப் பற்றி அவள் சொன்னதே இல்லை.

"நீ சொல்ல வேண்டாம். பேரும் வேண்டாம். ஆம்பளைன்னு தெரியும். வயசானவரு. ராத்திரி பாலுக்குப் பொறவு தூங்குவாரு. கோவம் வந்தா இடது பக்கம் சுருக்குன்னு வரும். ஆனா ரொம்பப் பயந்த மனுசன், பாவம். இன்னைக்கு என்னமோ பெருசா இருக்கு அவருக்கு."

பெரிதாகத்தான் இருந்தது. அண்ணாச்சியின் மறுபிறப்பு விழா. கல்லூரிக் கலையரங்கம், நாலாயிரம் பேர், கைபேசியில் நேரலை. பிரிசில்லா கைபேசியை மேசையில் சாய்த்து வைத்து, மடிக்கணினியில் இரண்டு கோடுகளையும் திறந்தாள். அண்ணாச்சி மைக்கின் முன்னால் வந்து நின்றார். மேல்கோடு துள்ளியது. உச்சிக்கு ஏறியது. எச்சரிக்கை மஞ்சள் ஒளிர்ந்தது. அரங்கில் அவர் வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை.

அம்சவேணி கண்ணை மூடி, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, மெல்லத் தடவினாள். "ஒண்ணுமில்லய்யா. எல்லாரும் மனுசங்கதான். பேசுங்க."

கீழ்க்கோடு நிதானமாக ஓடியது. மேல்கோடு அதைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கியது, கைப்பிடிச் சுவரைப் பற்றி இறங்குகிறவரைப்போல. மஞ்சள் அணைந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் சிங்கக் குரல் முழங்கத் தொடங்கியது.

"பெரியோர்களே! நான் பிழைத்தது எதனால்? ஒழுக்கத்தால்! சுத்தத்தால்! அந்த மருத்துவமனையிலே எனக்கென்று தனி பிராசஸர்! அடுத்தவர் நிழல் என் நிழல்மீது விழாத வண்ணம், அறுபத்துநாலு எண் தூரத்திலே…"

கைதட்டல் அதிர்ந்தது.

"நல்லாத்தான் பேசுதாரு" என்றாள் அம்சவேணி, யார் பேச்சு என்று தெரியாமல். "இவரு யாரு, மந்திரியா?"

பிரிசில்லா பதில் சொல்வதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய உடல். அடையாளம் தெரியாத முதியவர், பேருந்து நிலையத்தில் கிடந்தவர். கூட யாரும் வரவில்லை. அம்சவேணி எழுந்து போனாள். யாரும் வராத உடலுக்கு அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. உலைக்கதவு திறக்கும் முன் தள்ளுவண்டியின் விளிம்பில் கை வைத்து, தலை குனிந்து, ஒரு நிமிடம் நிற்பாள். அவ்வளவுதான். மந்திரம் கிடையாது. வீட்டார் யாராவது நின்றிருந்தால் எவ்வளவு நேரம் நிற்பார்களோ அவ்வளவு நேரம்.

நின்றாள். கீழ்க்கோடு தாழ்ந்து, நீண்டு, அமைதியானது.

மேல்கோடும்.

கைபேசியில் சிங்கக் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. அண்ணாச்சி கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். எதையோ கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார். பிறகு, ஏனென்று அவருக்கே தெரியாத முகத்தோடு, தலை குனிந்து கைகூப்பினார்.

முன்வரிசையில் முதல்வர் குணாளன் முதலில் எழுந்தார். எழுந்து நிற்க வேண்டிய இடத்தை அவர் ஒருபோதும் தவறவிடமாட்டார். நவநீதன் எழுந்தான். மாமா எழுந்தார். பின்வரிசையில் முழுக்கைச் சட்டைக்காரர் ஒருவர் மெதுவாக எழுந்தார். ஒருவரைப் பார்த்து ஒருவராக நாலாயிரம் பேரும் எழுந்து, யாருக்கென்று தெரியாமல், தலை குனிந்து நின்றார்கள்.

உலைக்கதவு திறந்தது.